விழுங்காத மாத்திரைகள்

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை வரைக்கும் வைனே தன் தம்பி பெண்டாட்டி தெபாயெருவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஐந்து நாள் இப்படி ஓடிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வைனே சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். ஒன்பது வருஷம் கழித்து, அப்பாவின் கல்லறைக் கல்லைத் திறந்து வைக்க ஆக்லாந்திலிருந்து ராரோடொங்கா தீவில் வந்து இறங்குகிறாள். கையில் பூமாலையோடு நின்ற தெபாயெரு, உச்சி வெயிலில் நாத்தனாரை உரசிக்கொண்டு போய், பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒரு சுற்றுலாக்காரியின் கழுத்தில் மாலையைப் போட்டாள். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து "வாங்க அண்ணி" என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு படமெடுத்துக்கொண்டாள்.

எங்கள் தீவில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். வந்து இறங்குகிறவர்களில் மூத்தவருக்குப் போக வேண்டிய முதல் மாலை வேறு கழுத்தில் விழுந்தால் மட்டும் மன்னிக்கவே மாட்டார்கள்.

"அக்கா, அவளுக்குக் கண்ணு மங்கல்னு போன்ல சொன்னேன்ல?" என்றான் தம்பி தூடாய். துறைமுகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் பிக்கப் வண்டிச் சாவி. சனிக்கிழமை கல் திறப்பு விருந்துக்குச் சொல்லியிருந்த இறைச்சிப் பெட்டிகள் கப்பலில் வந்திருந்தன.

"மங்கலா? யாருகிட்ட கதை விடற? நேத்து பொழுது சாஞ்சப்புறம் அடுப்படியில லைட்டுகூடப் போடாம உன் பெண்டாட்டி மீனுக்கு முள்ளெடுத்தா. ஒரு முள்ளு மிச்சமில்ல. அந்த இருட்டுல முள்ளு தெரியுது, பட்டப்பகல்ல தென்னமரமாட்டம் நிக்கிற நான் தெரியலயா?"

தூடாய் ரொட்டியை மென்றான். அவனுக்கே அது புரியாத கணக்காகத்தான் இருந்தது. வெயிலில் வாசல்படி தடுக்கி விழுகிறாள், சாயங்காலம் தூரத்தில் போகிற படகின் நிறத்தைச் சொல்கிறாள். கண்ணாடி மாற்றிப் பார்த்தாயிற்று. மூன்று வாரம் முன்னால் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் படம் பிடித்து, கண்ணின் அழுத்தம் என்று ஏதோ அளந்து, ஆக்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருக்கிற பெரிய கண் டாக்டர் போனில் பேசுவார் என்று கடிதம் வந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கிடந்தது. 'வியாழக்கிழமை, காலை பத்து மணி.'

"நாளைக்கு டாக்டர் போன் வரும், எல்லாம் கேட்டுக்கலாம். இப்ப அவ வயிறு சரியில்லன்னு படுத்திருக்கா. கொஞ்சம் பாத்துக்கக்கா."

"நான் எங்கப்பாவுக்குக் கல்லு வெக்க வந்தேன்டா. உன் பெண்டாட்டிக்கு ஆயா வேலை பாக்க வரல."

வண்டி போய்விட்டது. வைனே வாசலில் அப்பாவின் சமாதி ஓரமாக உட்கார்ந்தாள். சனிக்கிழமை ஊர் முன்னால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிய நான்கு துணிகள் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருந்தன. அப்பாவைப் புதைத்தபோது அவளால் வர முடியவில்லை. அந்த வருஷம் ஆக்லாந்தில் அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடைசி இரண்டு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, மடியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டவள் உள்ளே படுத்திருக்கிற தெபாயெருதான். அதனால்தான் வைனேவுக்கு இன்னும் கோபம். நன்றி சொல்ல வந்த இடத்தில் அவமானப்பட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

உள்ளே தெபாயெருவுக்கு எரிச்சல், கோபம் எதற்கும் தெம்பு இல்லை. கூரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் அவளுக்கு லூபஸ் வந்தது. உடம்பைக் காவல் காக்க வேண்டியதே உடம்பை அடிக்கிற நோய். சிறுநீரகம் போயே போய்விடும் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரை காப்பாற்றிக் கொடுத்தது. அன்றிலிருந்து தினம் காலை சாப்பிட்டதும் இரண்டு. அந்த மாத்திரையால் முகம் வட்டமாக ஊதியது, கழுத்து தடித்தது. அதையெல்லாம் சகித்துக்கொண்டாள். ஆனால் விமான நிலையக் கூத்துக்கு மறுநாள், மாதாகோவில் தேநீர்க் கூடத்தில் யாரோ சொன்னார்கள், "அந்த மாத்திரைதான் கண்ணைத் திங்குது." வீட்டுக்கு வந்து பெட்டிக்குள்ளிருந்த தாளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துப் படிக்கச் சொன்னாள். அதிலும் கண் என்று போட்டிருந்தது.

அவ்வளவுதான். குருடாகிவிடுவோமோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாத்திரையை வாயில் போடுவாள், தண்ணீர் குடிப்பாள், தூடாய் முதுகைத் திருப்பியதும் துப்பித் துடைத்து ஒளித்து வைப்பாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்று புதன். கண் தெளியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கண் தெளியவில்லை. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது வைனே வீட்டுக்குள் வந்து பீரோ மேலிருந்த தொப்பியை இறக்கினாள். ஒன்பது வருஷம் முன் இங்கே விட்டுப்போன அவளுடைய மாதாகோவில் தொப்பி, தென்னங்குருத்தில் பின்னிய வெள்ளைத் தொப்பி. சனிக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று திருப்பிப் பார்த்தாள். உள்ளே கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் வெள்ளை மாத்திரைகள், எட்டு.

வைனே அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தாள். நோயும் பொய், கண்ணும் பொய். மாத்திரை தின்ன வேண்டிய அவசியமே இல்லாதவள்தான் இப்படி ஒளித்து வைப்பாள். காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததுகூட நாடகம்.

"இன்னிக்கு இவளை ஒரு வழி பண்ணிடறேன்" என்று மாத்திரைகளை மூடிய கையோடு படுக்கையறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். அடுப்படி மேடையில் தெபாயெருவின் போன் அடித்தது.

"யாரு?"

"ஆக்லாந்திலிருந்து டாக்டர் ஹான்லன். தெபாயெருகிட்ட பேசலாமா?"

"நாளைக்குத்தானே கூப்பிடணும்? இன்னிக்கு புதன்கிழமை."

"இங்க வியாழக்கிழமைம்மா. காலை பத்து மணி."

வைனே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆக்லாந்தில் இருக்கிற மகனோடு பேச வசதியாக இருக்கட்டும் என்று அதை அவள் மாற்றவே இல்லை. வியாழன், பத்து மணி. தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நாளை பிறந்துவிட்டது, எங்கள் பக்கம் இன்னும் இன்றுதான். எந்த ஊர் வியாழக்கிழமை என்று அந்தக் கடிதத்தில் எழுதவும் இல்லை, இந்த வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. நம்மூரில் இந்தக் கூத்துக்கு எத்தனை கல்யாணமும் பிறந்தநாளும் பலியாகியிருக்கின்றன!

"இப்ப விட்டா மறுபடி உங்க முறை வர ஆறு வாரம் ஆகும்" என்றது போன்.

வைனேவுக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்றே தெரியவில்லை. வைத்துவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. ஆனால் கால் நடந்துவிட்டது. கதவைத் தள்ளி, போனைக் கட்டில் மேல் எறியாத குறையாக வைத்து, ஒலியைக் கூட்டினாள். "உன் டாக்டர்" என்றாள். ஐந்து நாளில் அவள் பேசிய முதல் இரண்டு வார்த்தை.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். தெபாயெரு நிதானமாகச் சொன்னாள். வெயிலில் எல்லாம் வெள்ளையாக எரிகிறது. எதிரே வரும் ஆட்களின் முகம் கரைந்து போகிறது.

"ஸ்டீராய்டு தினமும் பத்து மில்லிகிராம்தானே?"

"ஆமா டாக்டர். ரெண்டு மாத்திரை."

"இன்னிக்கும் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"பொய்!" என்றாள் வைனே. "பொய் சொல்றா டாக்டர்! எட்டு மாத்திரை என் கையில இருக்கு. என் தொப்பிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. இவளுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் நடிப்பு."

டாக்டரின் குரல் மாறிவிட்டது.

"எத்தனை நாளா எடுக்கல?"

தெபாயெரு கண்ணை மூடிக்கொண்டாள். "நாலு நாள்."

"வாந்தி இருக்கா? எழுந்து நின்னா தலை சுத்துதா?"

"காலையில ரெண்டு தடவை வாந்தி எடுத்தா" என்றாள் வைனே. அவள் குரலும் இறங்கிவிட்டது. "எழுந்திரிக்கவே இல்ல."

"கூட இருக்கற அம்மா கேளுங்க. இது நடிப்பில்ல. நாலு வருஷமா அந்த மருந்தை வெளியிலிருந்து கொடுத்ததால, அதைத் தானே சுரக்கற வேலையை அவங்க உடம்பு விட்டுடுச்சு. திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி போடணும். நான் அங்க சொல்லிடறேன்."

"டாக்டர்" என்றாள் தெபாயெரு. தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் விழுந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் கண்ணைக் கெடுத்தது அந்த மாத்திரைதானே?"

"பெரும்பாலும் அதுதான்."

"அப்ப அதையே முழுங்குன்னு சொல்றீங்களே! முழுங்கினா கண்ணு போகும், முழுங்கலன்னா உசுரு போகும். நான் எதைத்தான் பண்ணித் தொலைக்கறது?" அவள் அழுதுவிட்டாள்.

"குறைக்கலாமா, வேற மருந்துக்கு மாத்தலாமான்னு உங்க டாக்டர் பாத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் செய்யணும். நீங்களா நிறுத்தக் கூடாது. மறைக்கறது புரை. அதை ஆபரேஷன்ல எடுத்துடலாம், பார்வை வரும். என் பயம் வேற ஒண்ணு. உங்க இடது கண்ணோட அழுத்தம். அது நரம்பைத் தின்னுட்டா திரும்ப வராது. முதல்ல ஊசி. கிளம்புங்க."

வைனே போனை எடுத்துக்கொண்டாள். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "டாக்டர், இருட்டுல இவளுக்கு மீன் முள்ளு தெரியுதே? அது எப்படி?"

"புரை நடுமையத்துல இருக்கு. வெயில்ல கண்மணி சுருங்கினா அந்தப் புரை வழியாத்தான் பாத்தாகணும். மங்கின வெளிச்சத்துல கண்மணி விரியும், சுத்திப் பாத்துக்கலாம். பகல்லதான் அவங்க குருடு, அம்மா."

வைனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் தீவின் மறுபக்கம் போயிருந்தது. தூடாய் பிக்கப்போடு துறைமுகத்தில், போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியும் கப்பல் சாமானுக்குத்தான் போயிருந்தது. மிச்சம் இருந்தது தெபாயெருவின் ஸ்கூட்டர் ஒன்றுதான். வைனே ஸ்கூட்டர் ஓட்டி ஒன்பது வருஷம் ஆயிற்று.

"அண்ணி, உங்களுக்கு ஓட்ட வருமா?"

"வராது. ஏறு."

கொடியில் காய்ந்த பூப்போட்ட இடுப்புத் துணியை உருவி, இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். தெபாயெருவின் தலை அவள் முதுகில் சாய்ந்தது. வண்டி முதலில் கோழிகளுக்குள் புகுந்தது, அப்புறம் வாழைத்தோப்பு வேலியைத் தொட்டது, அப்புறம் ஒருவழியாகச் சாலைக்கு வந்தது.

"பேசிக்கிட்டே வா, தெபா. தூங்கிடாத."

"என்ன பேசறது? அஞ்சு நாளா நீங்கதானே பேசல."

"வாயைப் பாரு! சாகப் போறவ மாதிரியா பேசற?"

"அண்ணி, மாலை… சத்தியமா தெரியலண்ணி. உங்க வெள்ளை உடுப்பு, அந்தம்மா வெள்ளை உடுப்பு, எல்லாம் ஒரே வெளிச்சம். பயந்துட்டேன். யாருக்காவது போட்டுத் தொலைக்கணுமேன்னு போட்டேன்."

வைனே ஆக்சிலரேட்டரை முறுக்கினாள். ஆஸ்பத்திரி மேட்டில் ஸ்கூட்டர் முக்கி முனகி ஏறியது.

ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் தெபாயெருவின் உதட்டில் நிறம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று ஆரம்பித்த நர்ஸ் வைனேவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அழுத்தத்தை மறுபடி அளந்தார்கள். இடது கண்ணில் முப்பத்தெட்டு. இருபதைத் தாண்டக் கூடாதாம்.

இருவரும் தனியாக இருந்தபோது வைனே நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"தெபா, ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லிடாத. ஏர்போர்ட்டுல நீ என்னைத் தாண்டிப் போனேல்ல? நானும் உன்னைத் தாண்டித்தான் போனேன்."

"என்ன?"

"மாலையை வெச்சுக்கிட்டு வட்ட மூஞ்சியோட ஒருத்தி நிக்கறா. ஏதோ ஓட்டல்காரின்னு நினைச்சேன். ஒல்லியா, மூக்கும் முழியுமா இருந்த தெபாவைத் தேடிக்கிட்டே போயிட்டேன். நீ 'வாங்க அண்ணி'ன்னு கத்தின பாரு, அந்தக் குரலைக் கேட்டப்புறம்தான் நீயின்னு தெரிஞ்சுது. எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம் ஊட்டினவ மூஞ்சி எனக்கு அடையாளம் தெரியல. வெக்கமாப் போச்சு. அந்த வெக்கத்தைத்தான் கோவமாக்கி உன் தலையில கொட்டிட்டிருந்தேன்."

தெபாயெரு சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு வலித்தும் நிறுத்தவில்லை. "ரெண்டு பேரும் சேந்து அந்தம்மாவுக்கு நல்ல மாலை போட்டோம்" என்றாள். வைனேவும் சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். பின்னாலேயே சேதி தெரிந்து ஓடிவந்த தூடாய், கையில் இன்னும் இறைச்சிப் பெட்டியின் ஈரம்.

"டாக்டர் ஹான்லன் ஆக்லாந்து ஆஸ்பத்திரியில இடம் வாங்கிட்டார்" என்றாள் நர்ஸ். "சனிக்கிழமை காலை ஏழு மணி விமானம். திங்கள்கிழமை அங்க பாப்பாங்க, அவங்க ஊரு திங்கள்கிழமை. கூட ஒருத்தர் போகணும். பேரு சொல்லுங்க."

"சனிக்கிழமையா?" தூடாய் திகைத்தான். "பத்து மணிக்குக் கல் திறப்பு! இருநூறு பேரைக் கூப்பிட்டிருக்கோம். கடைசித் துணியைத் தெபாதான் எடுக்கணும்னு அப்பா வாயாலயே சொல்லிட்டுப் போயிருக்காரு. அடுத்த வாரம் போனா ஆகாதா?"

"அடுத்த இடத்துக்கு மூணு வாரம் ஆகும்" என்றாள் நர்ஸ்.

"மூணு வாரம்தானே…"

"இடது கண்ணு எப்பலேருந்து இப்படி?" வைனே தம்பியை விட்டுவிட்டு தெபாயெருவைக் கேட்டாள்.

தெபாயெருவின் பார்வை புருஷன் பக்கம் போய்த் திரும்பியது.

"கிறிஸ்துமஸ்லேருந்து. ஓரத்துல ஆளு வந்தா தெரியாது. திரும்பினாத்தான் தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"இவருகிட்ட சொன்னேன்."

வைனே தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல் திறப்பு முடியட்டும்னேன்" என்றான் தூடாய். "அக்கா, எனக்கு என்ன தெரியும்? வயசானா கண்ணு மங்கும்னு நினைச்சேன். ஆறு மாசம்தானேன்னு…" ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வைனே எழுந்து நின்றாள். அவள் நின்றால் அந்த அறையில் மற்றவர்களுக்கு இடம் குறைவுதான்.

"எழுதும்மா. என் பேரை எழுது. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அக்கா! அப்பாவைப் புதைச்சப்பவும் நீ இல்ல. கல்லுக்கும் இல்லன்னா ஊரு என்ன சொல்லும்?"

"அப்பாவுக்கு இனிமே கெடுறதுக்குக் கண்ணு இல்லடா. இவளுக்கு ஒண்ணரை மிச்சம் இருக்கு."

தூடாய் தெபாயெருவின் காலை மெல்லத் தொட்டுவிட்டு வெளியே போனான். கீழே பிக்கப் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

தெபாயெரு ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே அவளுக்கு வெள்ளை வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"எந்தப் பக்கம் போறார் அண்ணி? வீட்டுக்கா?"

வைனே ஜன்னலில் சாய்ந்து பார்த்தாள். மேட்டுச் சாலை முடிகிற இடத்தில் வண்டி சற்று நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"பாதிரியார் வீட்டுப் பக்கம் திரும்பிட்டான்" என்றாள்.

"கல் திறப்பைத் தள்ளி வெக்கச் சொல்லப் போறாரா? இல்ல, என்னைப் போகவேண்டாம்னு பாதிரியார் வாயால சொல்ல வெக்கப் போறாரா?"

வைனே நர்ஸிடமிருந்து பேனாவை வாங்கி, படிவத்தில் தன் பெயருக்கு எதிரே தானே கையெழுத்துப் போட்டாள்.